ஆறாவது எலக்ட்ரான் எங்கே? கால்சியம் கோபால்டேட்டின் காந்தத் திசைச்சார்பை எக்ஸ்-கதிரால் தீர்த்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கால்சியம் மூன்று, கோபால்ட் இரண்டு, ஆக்சிஜன் ஆறு என்ற விகிதத்தில் அமைந்த கால்சியம் கோபால்டேட் கறுப்பு ஊசிப் படிகமாக வளரும். ஊசியின் நீளவாக்குதான் சி-அச்சு. இதன் அணு அமைப்பு 1996-ல் விரிவாக வெளியானது. சி-அச்சு நெடுக கோபால்ட்-ஆக்சிஜன் சங்கிலிகள் ஓடுகின்றன. ஒவ்வொரு சங்கிலியிலும் இரண்டு வகை கோபால்ட் இடங்கள் மாறி மாறி வருகின்றன. ஒன்றில் ஆறு ஆக்சிஜன்கள் எண்முகியாகச் சூழ்ந்திருக்கும். அடுத்ததில் ஆறு ஆக்சிஜன்கள் முக்கோணப் பட்டகமாக நிற்கும். அடுத்தடுத்த கூண்டுகள் ஒரு முகத்தைப் பகிர்ந்துகொள்வதால் சங்கிலிக்குள் கோபால்ட் அணுக்கள் மிக நெருக்கமாக இருக்கின்றன. சங்கிலிகளுக்கு இடையில் கால்சியம். அச்சின் வழியே மேலிருந்து பார்த்தால் சங்கிலிகள் முக்கோண வலையாகத் தெரியும்.

சங்கிலிக்குள் ஸ்பின்கள் (எலக்ட்ரான்களின் சிறு காந்தங்கள்) ஒரே பக்கம் பார்த்து நிற்கின்றன. பக்கத்துச் சங்கிலிகள் எதிரெதிராக நிற்க முயல்கின்றன. முக்கோணத்தின் மூன்று மூலைகளிலும் நிற்கும் மூன்று சங்கிலிகள் ஒன்றுக்கொன்று எதிராக நிற்பதற்கு வழியே இல்லை. ஃபிரஸ்ட்ரேஷன் என்று காந்தவியலில் சொல்வது இந்த நெருக்கடியைத்தான். சுமார் 25 கெல்வினுக்குக் கீழே காந்த ஒழுங்கு தோன்றுகிறது. அந்த ஒழுங்கின்மேல் சி-அச்சு நெடுகப் புலம் கொடுத்தால், காந்தமாக்கம் முழு மதிப்பில் மூன்றிலொரு பங்கில் சமதளமாக நின்று, 3.6 டெஸ்லா அருகே முழு மதிப்புக்குத் தாவுகிறது. இரண்டு சங்கிலிகள் புலத்தோடும் ஒன்று எதிராகவும் நிற்பதே அந்த மூன்றிலொரு பங்கு. சுமார் 10 கெல்வினுக்குக் கீழே போனால் இன்னும் சிறு படிகள் முளைக்கின்றன. அவற்றின் இடைவெளி ஏறத்தாழ 1.2 டெஸ்லா. படிகளின் உயரம் புலத்தை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறோம் என்பதைப் பொறுத்தது.

ஊசிக்குக் குறுக்கே புலம் கொடுத்தால் கிட்டத்தட்ட எதுவும் நடப்பதில்லை. ஸ்பின் சி-அச்சில் மேலே நிற்கும், அல்லது கீழே நிற்கும். சாய்வதில்லை. இப்படி ஒரே அச்சைப் பற்றி நிற்கும் காந்தத் திசைச்சார்பை ஐசிங் நடத்தை என்று சொல்கிறோம். சமதளம், படிகள், மெதுவான மாற்றம் எல்லாவற்றுக்கும் இந்தப் பிடிவாதமே அடிப்படை. அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. விடை 2005 முதல் 2019 வரை, வெவ்வேறு குழுக்களின் கையில், படிப்படியாகக் கிடைத்தது.

கணக்கு பொருந்தாத இடம்

1997-ல் வெளியான நியூட்ரான் சிதறல் ஆய்வு ஒரு நல்ல தொடக்கப் புள்ளியைத் தந்தது. பட்டக இடத்துக் கோபால்டில் சுமார் 3.0 போர் மேக்னட்டான் காந்தத் திருப்புத்திறன் (அணுக் காந்தத்தின் வலிமை; அதன் அலகே போர் மேக்னட்டான்) இருந்தது. எண்முகி இடத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, 0.08 மட்டுமே. இரண்டு கோபால்டும் 3+ நிலையில் இருக்கின்றன, எண்முகியில் தாழ் ஸ்பின், பட்டகத்தில் உயர் ஸ்பின் என்று கொண்டால் இது இயல்பாகப் பொருந்தும். தாழ் ஸ்பின்னில் ஆறு எலக்ட்ரான்களும் இணை சேர்ந்துவிடும், திருப்புத்திறன் பூஜ்யம். உயர் ஸ்பின்னில் நான்கு இணைசேரா எலக்ட்ரான்கள் இருக்கும், ஸ்பின்னால் மட்டும் 4 போர் மேக்னட்டான்.

ஆனால் உயர் புலத்தில் அளந்த முழு காந்தமாக்கம் ஒரு வாய்பாட்டு அலகுக்கு 4-ஐத் தாண்டியது. தூள் மாதிரிகளில் 4.8 அளவும், நல்ல படிகங்களில் 5-க்குச் சற்று மேலும் கிடைத்தது. எண்முகி இடத்தில் எதுவும் இல்லையென்றால், மிச்சம் எங்கிருந்து வந்தது?

இரண்டு வகை விளக்கங்கள் போட்டியிட்டன. ஒரு தரப்பு மின்னூட்டப் பங்கீட்டையே மாற்றியது: ஒரு கோபால்ட் 2+, மற்றது 4+. இன்னொரு தரப்பு இரண்டும் 3+ என்று கொண்டு, மிச்சத்தை ஆர்பிட்டால் இயக்கத்தின், அதாவது எலக்ட்ரான் கருவைச் சுற்றுவதன், திருப்புத்திறன் என்றது. காந்தமாக்க வளைவை மட்டும் வைத்து இவற்றைப் பிரிப்பது கடினம். உயர் ஸ்பின் 2+ கோபால்டின் 3-ம் தாழ் ஸ்பின் 4+ கோபால்டின் 1-ம் ஒரே பக்கம் சேர்ந்தாலும் ஸ்பின் கூட்டு 4-தான். மொத்த எண்ணை மட்டும் பார்க்கும் அளவீடு இங்கே எதையும் தீர்க்காது. தனிமத்தையும், அதன் ஆக்சிஜனேற்ற நிலையையும், ஸ்பின்னையும் ஆர்பிட்டாலையும் தனித்தனியாகக் காட்டும் கருவி வேண்டும். கோபால்டின் எல்-3, எல்-2 விளிம்புகளில் (உள்ளே உள்ள 2பி எலக்ட்ரான் 3டி-க்குத் தாவும் ஆற்றல்களில்) மென் எக்ஸ்-கதிர் உறிஞ்சலை அளப்பது என்ற முடிவு இங்கிருந்துதான் பிறந்தது.

2005-ல் வெளியான மின்னணுக் கட்டமைப்புக் கணக்கீடு எதைத் தேட வேண்டும் என்று சுட்டிக்காட்டியது. எலக்ட்ரான்களுக்கு இடையிலான விலக்கத்தையும் ஸ்பின்-ஆர்பிட்டால் பிணைப்பையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, பட்டக இடத்தில் 1.57 போர் மேக்னட்டான் ஆர்பிட்டால் திருப்புத்திறன் வந்தது. 3டி உலோக ஆக்சைடுகளுக்கு இது அசாதாரணமான எண். வழக்கமாகப் படிகப் புலம் (சுற்றியுள்ள அயனிகளின் மின்புலம்) ஆர்பிட்டால் இயக்கத்தை அமுக்கிவிடும்.

பட்டகம் ஏன் வேறுபடுகிறது

எண்முகியில் ஐந்து டி-ஆர்பிட்டால்களும் மூன்று கீழே, இரண்டு மேலே என்று பிரியும். முக்கோணப் பட்டகத்தில் பிரிவு வேறு. சி-அச்சைச் சுற்றிய கோண உந்தத்தை வைத்துப் பெயரிட்டால் டி-0 ஒன்று, டி-2 இணை ஒன்று, டி-1 இணை ஒன்று. டி-1 இணை மேலே தள்ளப்படுகிறது. டி-0-வும் டி-2 இணையும் கீழே கிட்டத்தட்ட ஒரே ஆற்றலில் நிற்கின்றன.

உயர் ஸ்பின் 3+ கோபால்டில் டி-எலக்ட்ரான்கள் ஆறு. முதல் ஐந்தும் ஒவ்வொரு ஆர்பிட்டாலிலும் ஒன்றாக, ஒரே ஸ்பின்னோடு அமர்கின்றன. இந்த ஐந்தின் ஆர்பிட்டால் பங்களிப்பு பூஜ்யம். ஆறாவது எலக்ட்ரான் எதிர் ஸ்பின்னோடு எங்கே அமர்கிறது என்பதில்தான் முழுக் கதையும் இருக்கிறது. டி-0-வில் அமர்ந்தால் ஆர்பிட்டால் திருப்புத்திறன் முதல் நிலையில் பூஜ்யம், திசைச்சார்பும் பலவீனம். டி-2 இணையில் அமர்ந்தால், ஸ்பின்-ஆர்பிட்டால் பிணைப்பு அந்த இணையை +2, −2 என்ற சுழலும் நிலைகளாகப் பிரித்து, ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். அப்போது ஆர்பிட்டால் திருப்புத்திறன் உச்ச எல்லையாக 2 போர் மேக்னட்டான் வரை போகலாம், அதுவும் சி-அச்சு நெடுக மட்டும்.

ஆற்றல் அளவைப் போட்டுப் பார்த்தால் இதன் வலிமை புரியும். கோபால்ட் 3+ அயனியின் 3டி ஸ்பின்-ஆர்பிட்டால் மாறிலி சுமார் 70 மில்லி எலக்ட்ரான் வோல்ட். முழு டி-2 நிலை என்ற எல்லையில், ஸ்பின் சி-அச்சு நெடுக 2 என்ற நிலையிலிருந்து 1 என்ற நிலைக்குச் சாய, அதில் பாதி, அதாவது சுமார் 35 மில்லி எலக்ட்ரான் வோல்ட் செலவாகும். வெப்ப அளவில் அது 400 கெல்வின். ஒழுங்கு வெப்பநிலையோ 25 கெல்வின்தான். ஸ்பின் சாயாமல் நிற்பதற்கு அண்டை அணுக்களின் தயவே வேண்டாம், ஒற்றை அயனியே போதும்.

படிகமும் பரப்பும்

எக்ஸ்-கதிர் அளவீட்டில் பாதி வேலை சின்க்ரோட்ரானுக்கு (வலிய எக்ஸ்-கதிர் தரும் முடுக்கிக்கு) போகும் முன்பே முடிந்திருக்க வேண்டும். இந்தப் பொருளில் அது இன்னும் முக்கியம், ஏனென்றால் இதன் வெப்ப நிலைப்பு எல்லை குறுகியது. காற்றில் சுமார் 926 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கால்சியம் மூன்று, கோபால்ட் நான்கு, ஆக்சிஜன் ஒன்பது என்ற அடுக்குச் சேர்மம் உருவாகிப் போட்டியிடும். சுமார் 1026 டிகிரிக்கு மேல் நமக்கு வேண்டிய சேர்மமே கால்சியம் ஆக்சைடாகவும் கோபால்ட் மோனாக்சைடாகவும் உடைந்துவிடும். பொட்டாசியம் கார்பனேட்டை உருக்கு ஊடகமாக வைத்து இந்த இரு எல்லைகளுக்கு நடுவே மெதுவாகக் குளிர்வித்தால் ஊசிகள் கிடைக்கும். ஒட்டியிருக்கும் கார்பனேட்டைத் தண்ணீரில் கழுவி நீக்கலாம். கழுவிய பரப்பு அளவீட்டுக்கு உதவாது, அதைப் பிளந்தே ஆக வேண்டும்.

கோபால்டின் எளிய ஆக்சைடுகள் கலந்தால் பிழை ஒரே பக்கம்தான் இழுக்கும். கோபால்ட் மோனாக்சைடிலும் கோபால்ட் நான்காக்சைடிலும் 2+ கோபால்ட் இருக்கிறது. ஆக்சிஜனேற்ற நிலையே விவாதத்தில் இருக்கும்போது, சில விழுக்காடு அசுத்தம் "2+ இருக்கிறது" என்று பொய்ச் சாட்சி சொல்லும். எனவே தூள் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவில் (டிஃப்ராக்ஷனில்) சுத்தமாகத் தெரிந்தால் மட்டும் போதாது. அதே தொகுதிப் படிகத்தின் காந்தமாக்க வளைவில் 3.6 டெஸ்லா தாவல் கூர்மையாக இருக்கிறதா என்றும் பார்த்த பிறகே கற்றைக்குக் கொண்டுபோக வேண்டும்.

உறிஞ்சலை அளக்க மொத்த எலக்ட்ரான் வெளியீட்டு முறையே வழக்கம்: மாதிரியிலிருந்து வெளியேறும் எலக்ட்ரான்களுக்கு ஈடாகத் தரையிலிருந்து வரும் மின்னோட்டத்தை அளப்பது. இதன் ஆழம் சில நானோமீட்டர்தான். ஆகவே படிகத்தை மிகு வெற்றிடத்தில், 10-ன் அடுக்கு −10 மில்லிபார் அளவில், அங்கேயே பிளக்க வேண்டும். காற்றுப் பட்ட பரப்பில் கால்சியம் கார்பனேட் படிந்துவிடும்.

இன்னொரு தொல்லை, இது மின்கடத்தாப் பொருள். குளிரக் குளிர மின்தடை ஏறி, மாதிரியில் மின்னூட்டம் தேங்கும். அறிகுறி எளிது. எல்-3 உச்சியைக் கடக்கும்போது மின்னோட்டம் திடீரெனச் சரியும், அல்லது மேலே போகும்போது ஒரு வடிவமும் கீழே வரும்போது வேறு வடிவமும் கிடைக்கும். ஊசியின் பக்கங்களில் வெள்ளிப் பசையைப் பிளக்கும் இடத்துக்கு மிக அருகே வரை பூசுவதும், கதிரின் செறிவைக் குறைப்பதும், அளவீட்டு வெப்பநிலையைச் சற்று உயர்த்துவதும் உதவும். எலக்ட்ரானுக்குப் பதில் வெளிவரும் ஒளிர்வை அளக்கும் ஒளிர்வு முறைக்கு மாறுவது கடைசி வழி. செறிந்த கோபால்ட் ஆக்சைடில் தன்-உறிஞ்சல் எல்-3 உச்சியை நசுக்கிவிடும். நசுங்கிய உச்சியிலிருந்து ஆர்பிட்டால் திருப்புத்திறன் எடுப்பது வீண்.

முதலில் உறிஞ்சல், பிறகே டைக்ரோயிசம்

2006-ல் வெளியான எக்ஸ்-கதிர் உறிஞ்சல் ஆய்வில் குழு எடுத்த நல்ல முடிவு இதுதான். நேராகக் காந்த அளவீட்டுக்கு, அதாவது இடச்சுற்று, வலச்சுற்றுக் கதிர்களின் உறிஞ்சல் வேறுபாடான டைக்ரோயிசத்துக்கு, பாயாமல், சாதாரண உறிஞ்சல் நிறமாலையில் ஆக்சிஜனேற்ற நிலையையும் ஸ்பின் நிலையையும் முடிவு செய்துகொண்டார்கள். காந்தக் கணக்கில் போடும் துளைகளின் (3டி-யில் காலியான இடங்களின்) எண்ணிக்கை, எந்த இடத்திலிருந்து சைகை வருகிறது என்ற அனுமானம் இரண்டும் இந்த முதல் படியைச் சார்ந்தவை.

கோபால்டின் எல்-3 விளிம்பு 780 எலக்ட்ரான் வோல்ட் அருகிலும், எல்-2 விளிம்பு 795 அருகிலும் விழும். ஆக்சிஜனேற்ற நிலை ஒன்று கூடினால் நிறமாலையின் எடை மையம் ஒரு எலக்ட்ரான் வோல்ட் அல்லது அதற்கு மேல் உயர் ஆற்றல் பக்கம் நகரும். 2+ கோபால்டுக்கு 777 அருகே தனியான ஒரு முன்-உச்சி உண்டு. ஒப்பீட்டுக்குக் கோபால்ட் மோனாக்சைடு ஒற்றைப் படிகத்தைக் கற்றைப் பாதையிலேயே வைத்து ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரே நேரத்தில் அளந்தால், ஆற்றல் அளவுகோல் நழுவியதா என்று உடனே தெரியும். தாழ் ஸ்பின் 3+ கோபால்டுக்கு யூரோப்பியம் கோபால்டேட்டும், உயர் ஸ்பின் 3+ கோபால்டுக்கு பிரமிடு அமைப்புள்ள ஸ்ட்ரான்சியம் கோபால்ட் ஆக்சிகுளோரைடும் இந்தத் துறையில் நம்பிக்கையான ஒப்பீட்டுப் பொருள்கள்.

முடிவு தெளிவாக வந்தது. இரண்டு இடங்களிலும் கோபால்ட் 3+. 2+ மற்றும் 4+ என்ற பங்கீடு விலக்கப்பட்டது. எண்முகியில் தாழ் ஸ்பின், பட்டகத்தில் உயர் ஸ்பின் என்பதும் உறுதியானது. எண்முகி இடத்துக்குத் திருப்புத்திறன் இல்லையென்றால், இனி வரப்போகும் காந்த டைக்ரோயிசச் சைகை முழுவதும் பட்டக இடத்தினுடையது. நிறமாலையில் இரண்டு இடங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடக்கும் ஒரு பொருளில், ஒரே இடத்தின் சைகையைக் கலப்பில்லாமல் பெறுவது பெரிய கொடுப்பினை.

இந்தக் கட்டத்தில் கவனிக்க வேண்டிய ஒரு பொறி: மென் எக்ஸ்-கதிரே சில கோபால்ட் ஆக்சைடுகளின் பரப்பை 2+ ஆக ஒடுக்கிவிடும். ஒரே புள்ளியில் முதல் ஓட்டத்தையும் சில மணி நேரம் கழித்த ஓட்டத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்க வேண்டும். 777 அருகே மேடு வளர்ந்தால் புதிய புள்ளிக்கு நகர வேண்டும்.

வெப்பநிலை, புலம், கோணம்

வட்டத் தளவிளைவுற்ற எக்ஸ்-கதிரில் இடச்சுற்று, வலச்சுற்று என்று இரண்டு உறிஞ்சல்களை எடுத்து அவற்றின் வேறுபாட்டைப் பார்ப்பதே காந்த வட்ட டைக்ரோயிசம். இதற்கு நிகரக் காந்தமாக்கம் தேவை. இங்கே மூன்று தேர்வுகளும் ஒன்றையொன்று கட்டிப்போடுகின்றன.

புலம் 3.6 டெஸ்லாவுக்குக் குறைவாக இருந்தால் அளப்பது மூன்றில் ஒரு பங்கு சைகையைத்தான். இரண்டு சங்கிலிகளின் சைகையில் ஒன்று மூன்றாவதோடு கழிந்துபோகும். விகிதம் மாறாது, இரைச்சல் மட்டும் பெரிதாகும். எனவே தாவலுக்கு மேலே போக வேண்டும்.

வெப்பநிலையை முடிந்தவரை குறைப்பது காந்த அளவீட்டில் இயல்பான ஆசை. இந்தப் பொருளில் அது தவறான வழி. 10 கெல்வினுக்குக் கீழே படிகள் தோன்றி, காந்தமாக்கம் புலத்தின் கடந்த காலத்தை நினைவில் வைத்திருக்கும். புலத்தைத் திருப்பிய உடனே எடுத்த நிறமாலையும் சிறிது நேரம் கழித்து எடுத்ததும் வேறுபடும். அந்த நழுவல் வேறுபாட்டு நிறமாலையில் போலிச் சைகையாக ஏறும். மின்னூட்டத் தேக்கமும் கீழே அதிகம். 25 கெல்வினுக்குக் கீழே, படிகள் மறையும் 15 கெல்வின் வட்டாரம் இரண்டுக்கும் நடுவிலான நல்ல இடம்.

கோணம்தான் பலர் கோட்டைவிடும் இடம். திருப்புத்திறன் சி-அச்சை விட்டு அசையாது. ஆகவே கதிரும் புலமும் சி-அச்சு நெடுக இருக்க வேண்டும். ஊசியின் நீண்ட பக்கமோ சி-அச்சை உள்ளடக்கிய பரப்பு. அந்தப் பரப்பில் அளந்தால் கதிர் சாய்வாக விழ வேண்டியிருக்கும். கதிருக்கும் சி-அச்சுக்கும் இடையே 30 டிகிரி இருந்தால் சைகை 0.87 பங்காகக் குறையும், தாவலைத் தாண்டப் புலம் சுமார் 4.2 டெஸ்லா வேண்டும். 60 டிகிரியில் சைகை பாதி, புலம் 7.2 டெஸ்லா. இதோடு, மிகச் சாய்ந்த கோணத்தில் கதிர் ஊடுருவும் ஆழமும் எலக்ட்ரான் தப்பிக்கும் ஆழமும் நெருங்கிவிடுவதால் எல்-3 உச்சி நசுங்கும். ஊசியைக் குறுக்கே உடைத்து முனையில் அளப்பது சரியான வடிவமைப்பு. பரப்பு சிறியது, சீராக உடையாது, ஆனால் கணக்கு நேராக வரும். சாய்ந்த புலத்தில் ஐசிங் படிகத்தின்மேல் பெரிய முறுக்கு விசை விழும் என்பதையும் மறக்கக் கூடாது. பசை இறுகாவிட்டால் ஊசி திரும்பிவிடும் அல்லது ஒடிந்துவிடும். குளிர்நிலைக் கலத்துக்குள் அது தெரியவும் தெரியாது.

சைகையில் கருவியின் பங்கை நீக்க, கதிரின் சுற்றையும் புலத்தின் திசையையும் மாற்றி மாற்றி நான்கு சேர்க்கைகளிலும் எடுக்க வேண்டும். கூட்டல்-கழித்தல்-கழித்தல்-கூட்டல் என்ற வரிசை நேரத்தோடு நேர்கோட்டில் நழுவும் பிழைகளைத் தானே கழித்துவிடும். சுற்றை மாற்றினாலும் புலத்தை மாற்றினாலும் ஒரே அளவு வேறுபாடு கிடைத்தால்தான் அது காந்தச் சைகை.

கூட்டல் விதிகளும் அவை சறுக்கும் இடமும்

நிறமாலையின் பரப்புகளிலிருந்து திருப்புத்திறன்களை எடுக்கும் சூத்திரங்களே கூட்டல் விதிகள். வேறுபாட்டு நிறமாலையை எல்-3, எல்-2 இரண்டின்மேலும் தொகையிட்டால் வருவது ஆர்பிட்டால் திருப்புத்திறனுக்கு நேர்விகிதமானது. ஆர்பிட்டால் அமுங்கிய பொருளில் எல்-3-ன் பரப்பும் எல்-2-ன் பரப்பும் எதிர்க்குறியோடு ஒன்றையொன்று அடித்துவிடும். இங்கே எல்-3 மிகப் பெரிதாக எஞ்சி நின்றது. தொகையிடும் முன்பே, வேறுபாட்டு வளைவைப் பார்த்தவுடனே ஆர்பிட்டால் பங்கு பெரிது என்று சொல்ல முடிகிற அரிய நிகழ்வு இது. சரிபார்க்க ஒரு வழி உண்டு. தொகை வளைவு எல்-2-ஐத் தாண்டி, 805 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல், தட்டையாக ஓட வேண்டும். ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருந்தால் பின்புலக் கழிப்பு தவறு. அந்தத் தவறு முழுதும் ஆர்பிட்டால் எண்ணில்தான் போய் விழும்.

ஸ்பின்னுக்கான விதி இவ்வளவு நேர்மையாக நடந்துகொள்ளாது. அது தருவது ஸ்பின்னை மட்டுமல்ல, காந்த டைபோல் உறுப்பு (ஸ்பின் அடர்த்தி அணுவைச் சுற்றிக் கோளமாக இல்லாததன் அளவு) ஒன்றையும் சேர்த்த கூட்டு. எண்முகி அமைப்புகளில் அந்த உறுப்பைச் சிறிதென்று தள்ளிவிடுவது வழக்கம். பட்டகத்தில் அப்படித் தள்ளினால் விடையே கெடும். ஆறாவது எலக்ட்ரான் முழுவதும் டி-2-ல் இருக்கிறது என்ற எல்லையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். டி-2 அடர்த்தியில் கோணத்தின் கோசைன் வர்க்கச் சராசரி ஏழில் ஒரு பங்கு. அதிலிருந்து டைபோல் உறுப்பு, அந்த எலக்ட்ரானின் எதிர் ஸ்பின்னோடு, −2/7 என்று வரும். விதியில் அது 7-ஆல் பெருக்கப்பட்டு −2 ஆகிறது. உண்மையான ஸ்பின் பங்கு 4. விதி காட்டுவது 4-லிருந்து 2 போக மிச்சம் 2. ஸ்பின் திருப்புத்திறனைப் பாதியாகப் படித்துவிட்டு, ஆர்பிட்டாலுக்கும் ஸ்பின்னுக்குமான விகிதத்தை இரு மடங்காக அறிவிக்க இது போதும். உண்மையான படிகத்தில் டி-0 கலப்பும் ஆக்சிஜனோடான பகிர்வும் இந்த எண்ணை மாற்றும், ஆனால் சிறிதாக்கிவிடும் என்று நம்பக் கூடாது.

டைபோல் உறுப்பைத் தவிர்க்க 54.7 டிகிரி கோணத்தில் அளப்பது மற்ற பொருள்களில் நல்ல உத்தி. இங்கே அது பயன்படாது. ஸ்பின் புலத்தோடு திரும்பினால்தான் அந்தச் சராசரி நிகழும். ஐசிங் ஸ்பின் திரும்பவே போவதில்லை. கோணத்தை மாற்றினால் மாறுவது வீழல் மட்டுமே.

இன்னொரு நுணுக்கம், வகுக்கும் பக்கம். வேறுபாடு பட்டக இடத்திலிருந்து மட்டும் வருகிறது, மொத்த உறிஞ்சலோ இரண்டு இடங்களிலிருந்தும் வருகிறது. வகுத்தால் கிடைப்பது ஒரு கோபால்டுக்கான சராசரி. பட்டக இடத்துக்கான எண் வேண்டுமென்றால் அதை இரட்டிக்க வேண்டும். எளிய விஷயம்தான், எழுதி வைக்காவிட்டால் ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

இத்தனை காரணங்களால்தான் குழு கூட்டல் விதியோடு நிற்கவில்லை. கோபால்டையும் சுற்றிய ஆறு ஆக்சிஜனையும் ஒரு கொத்தாக எடுத்து, முழுப் பன்மைநிலைக் கணக்கில் (எலக்ட்ரான்களுக்கு இடையிலான விலக்கத்தை முழுதாகச் சேர்த்த கணக்கில்) உறிஞ்சல், டைக்ரோயிசம் இரண்டின் வடிவத்தையும் ஒரே அளவுருக்களால் வரைந்தார்கள். நிறமாலையின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் பொருந்த வேண்டும் என்ற நிபந்தனை, இரண்டு மூன்று பரப்பு எண்களைவிடப் பல மடங்கு கடுமையானது. டி-0-வுக்கும் டி-2-வுக்குமான இடைவெளியைச் சற்று மாற்றினாலே டைக்ரோயிச வடிவம் உடைந்துவிடும்.

கிடைத்த விடை

பட்டக இடத்துக் கோபால்டில் ஆர்பிட்டால் திருப்புத்திறன் 1.7 போர் மேக்னட்டான். ஆறாவது எலக்ட்ரான் டி-2-ல். முந்தைய ஆண்டுக் கணக்கீட்டின் 1.57-க்கு இது நெருக்கம். காந்தமாக்கத்தில் மிச்சமாக நின்ற பகுதிக்கும் இதோடு கணக்கு சரியானது: ஆக்சிஜனோடு பகிர்ந்ததால் 4-க்குச் சற்றுக் குறைந்த ஸ்பின், அதன்மேல் 1.7 ஆர்பிட்டால், கூட்டினால் 5-க்கு மேல். அரை நிரப்புக்கு மேற்பட்ட கூடு ஆகையால் ஆர்பிட்டாலும் ஸ்பின்னும் ஒரே பக்கம் நிற்கின்றன, அதனால்தான் கூட்டுகிறோம். திசைச்சார்பு ஒற்றை அயனியின் சொத்து என்பதும் நிலைநாட்டப்பட்டது.

பின்னர் நடந்தவை

2008-ல் அதே குடும்பத்தின் இரண்டு சேர்மங்களில் இதே முறை ஓடியது. எண்முகி இடத்தில் ரோடியத்தை வைத்த கோபால்ட் சேர்மத்தில் கோபால்ட் 2+, ரோடியம் 4+ என்று வந்தது. இரும்பு-ரோடியம் சேர்மத்தில் இரண்டும் 3+. ஆக்சிஜனேற்ற நிலையை ஊகிக்காமல் ஒவ்வொரு சேர்மத்திலும் அளந்தே தீர வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். இரும்பு 3+ ஐந்து டி-எலக்ட்ரான் கொண்டது. ஆறாவது எலக்ட்ரானே இல்லை, ஆர்பிட்டால் திருப்புத்திறனுக்கு இடமும் இல்லை.

அதே 2008-ல் இன்னொரு குழு ஒத்ததிர்வு எக்ஸ்-கதிர் சிதறலால் காந்த ஒழுங்கையே பார்த்தது. சங்கிலிக்குள் எல்லாம் ஒரே பக்கம் என்ற பழைய படம் முழு உண்மையல்ல என்று தெரிந்தது. சி-அச்சு நெடுக ஏறத்தாழ 1000 ஆங்ஸ்ட்ராம் நீள அலையாகத் திருப்புத்திறன் ஏறி இறங்குகிறது. 2011-ல் நியூட்ரான் ஆய்வு, குறைந்த வெப்பநிலையில் இந்த அலை ஒழுங்கு மணிக்கணக்கில் மெதுவாக வேறோர் ஒழுங்காக மாறுவதைக் காட்டியது. டைக்ரோயிச அளவீட்டில் மிகக் குளிர்ந்த பகுதியைத் தவிர்த்தது எவ்வளவு சரி என்பதற்கு இது பின்னால் வந்த நியாயம்.

2019-ல் வெளியான அளவீடு, ஆறாவது எலக்ட்ரானை நேரடியாகவே படம் பிடித்தது. சுமார் 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள வன் எக்ஸ்-கதிரைப் படிகத்தில் சிதறவிட்டு, 3எஸ் கூட்டு எலக்ட்ரான் 3டி-க்குத் தாவும் இழப்பை, 100 எலக்ட்ரான் வோல்ட் அருகே, படிகத்தைச் சுழற்றிச் சுழற்றி அளந்தார்கள். சாதாரண உறிஞ்சலில் இந்தத் தாவல் தடைசெய்யப்பட்டது. பெரிய உந்த மாற்றத்தில் திறந்துகொள்கிறது. எஸ் கூடு கோளச் சமச்சீர் உடையது ஆகையால், செறிவு கோணத்தோடு மாறும் விதமே 3டி துளையின் வடிவம். கொத்துக் கணக்கும் பொருத்தலும் இல்லாமலே படம் வந்துவிடுகிறது. ஆறாவது எலக்ட்ரான் சுழலும் டி-2 ஆர்பிட்டாலில் இருப்பதை அது உறுதி செய்தது. வன் எக்ஸ்-கதிர் ஆகையால் பிளந்த பரப்பு, மின்னூட்டத் தேக்கம் பற்றிய கவலைகளும் இல்லை. விலை, மிகக் குறைந்த சைகை.

இன்று செய்தால் எதை மாற்றுவோம்

டைக்ரோயிசம் எடுத்த அதே ஊசியை முன்பும் பின்பும் காந்தமானியில் அளப்பது கட்டாயமாக்கப்பட வேண்டும். ஆர்பிட்டாலும் ஸ்பின்னும் கூட்டினால் அந்த ஊசியின் சொந்த எண்ணோடு பொருந்த வேண்டும், இலக்கியத்தில் உள்ள இன்னொரு படிகத்தின் எண்ணோடு அல்ல. 4.8-க்கும் 5-க்கு மேற்பட்டதற்கும் இடையிலான வேறுபாடு ஆர்பிட்டால் பங்கில் சிறிய பிழையல்ல.

டைபோல் உறுப்பின் மதிப்பைக் கொத்துக் கணக்கிலிருந்து எடுத்து, விதியின் விடைக்குப் பக்கத்தில் தனி எண்ணாக எழுத வேண்டும். திருத்தத்தை உள்ளே ஒளித்து ஒரே "ஸ்பின் திருப்புத்திறன்" என்று கொடுத்தால், அடுத்து வருபவர் அதைப் பிரித்தெடுக்க முடியாது.

நேர்கோட்டுத் தளவிளைவு அளவீட்டை இன்னும் முன்னே கொண்டுவருவோம். மின்புலம் சி-அச்சு நெடுக ஒன்று, குறுக்கே ஒன்று: 25 கெல்வினுக்கு நன்கு மேலே, புலமே இல்லாமல், ஆறாவது எலக்ட்ரானின் வடிவம் இந்த வேறுபாட்டில் தெரிய வேண்டும். ஒழுங்கு வெப்பநிலைக்குக் கீழே அதே அளவீட்டைத் திரும்ப எடுத்தால் கூடுதலாக வருவது காந்த ஒழுங்கின் பங்கு. இரண்டையும் பிரிக்காமல் கீழே மட்டும் அளந்துவிட்டு, முழு வேறுபாட்டையும் ஸ்பின் திசைக்கு எழுதிவிடுவது எதிர்-ஃபெரோகாந்த ஆக்சைடுகளில் அடிக்கடி நடக்கும் தவறு. கற்றை நேரத்தின் முதல் பணிநேரத்தை இதற்கே ஒதுக்கலாம். காந்தம் குளிரக் காத்திருக்கும் வேளையில், நல்ல பரப்பு எது, கெட்ட பரப்பு எது என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.